என்.டி. ஸ்கேன்: அரை மில்லிமீட்டர் தவறை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்து ஸ்கேன் அறிக்கையில் ‘என்.டி. 1.4 மி.மீ.’ என்று ஒரு வரி இருக்கும். அந்த எண் நல்லதா, கவலைப்பட வேண்டியதா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அதை ஒழுங்காக அளந்தார்களா என்று கேட்பவர்கள் குறைவு. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது கேள்விதான் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

என்.டி. என்பது நுக்கல் டிரான்ஸ்லூசென்சி என்பதன் சுருக்கம். கருவின் பிடரியில் தோலுக்கு அடியில் கொஞ்சம் நீர் தேங்கி நிற்கும். எல்லாக் கருவிலும் அது உண்டு. அல்ட்ராசவுண்ட் படத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டையின் தடிமனைத்தான் அளக்கிறார்கள். ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களில் இந்தப் பட்டை பெரும்பாலும் தடித்திருக்கும். ஜான் லாங்டன் டவுன் என்ற மருத்துவர் 1866-இல் இந்த நிலையைப் பற்றி எழுதியபோதே, தோல் உடம்பை விடப் பெரிதாக இருப்பது போலத் தோன்றுகிறது என்று குறித்திருந்தார். அந்தக் கூடுதல் தோலின் தொடக்கம் கருவிலேயே தெரிகிறது என்பதைத் தேர்வு முறையாக மாற்ற வழி காட்டியது, லண்டனில் கைப்ரோஸ் நிக்கோலைடிஸ் குழுவினர் 1992-இல் வெளியிட்ட ஆய்வு.

இதை எப்போது வேண்டுமானாலும் அளக்க முடியாது. 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாள் வரைதான் காலம். கருவின் உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரையான நீளம், அதாவது சி.ஆர்.எல்., 45 முதல் 84 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

இப்போது அளவுகளைப் பாருங்கள். சி.ஆர்.எல். 45 மி.மீ. இருக்கும் கருக்களை என்.டி. அளவுப்படி வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்பதன் அளவு 1.2 மி.மீ. அதை இடைநிலை என்கிறோம். நூறில் 95 கருக்கள் 2.1 மி.மீ.க்குள் இருக்கும். 84 மி.மீ. நீளத்தில் இடைநிலை 1.9, மேல் எல்லை 2.7. ஆக, சாதாரணமான நடு அளவுக்கும் ‘கொஞ்சம் பார்க்கலாம்’ என்ற எல்லைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 3.5 மி.மீ.க்கு மேல் போனால் அது எந்த நீளத்திலும் நூறில் ஒன்று. அப்போது குரோமோசோம் சரியாக இருந்தாலும் இதயம் முதலானவற்றை விரிவாகப் பார்க்கச் சொல்வார்கள்.

அளந்த எண் அப்படியே முடிவாகிவிடுவதில்லை. அதை அந்த நீளத்துக்குரிய இடைநிலையால் வகுக்கிறார்கள். வருவது எம்.ஓ.எம்., அதாவது ‘இடைநிலையைப் போல் எத்தனை மடங்கு’ என்ற எண். அதோடு தாயின் வயது, டபுள் மார்க்கர் என்று நாம் சொல்லும் ரத்தப் பரிசோதனையின் இரண்டு அளவுகள், எல்லாவற்றையும் சேர்த்து மென்பொருள் ஒரு வாய்ப்பைச் சொல்கிறது: 250-இல் ஒன்று, 4,000-இல் ஒன்று என்பது போல. இது நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்லும் சோதனை அல்ல. யாருக்கு மேற்கொண்டு உறுதிப்படுத்தும் சோதனை வேண்டும் என்று பிரிக்கும் சல்லடை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இடைநிலை 1.6 மி.மீ. இருக்க வேண்டிய ஒரு கருவின் உண்மையான என்.டி. 2.4 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மடங்கு. அளப்பவர் 0.4 மி.மீ. குறைத்து அளந்துவிட்டால் 2.0 என்று எழுதுவார். அது ஒன்றேகால் மடங்கு. பென்சில் கோட்டின் அகலத்துக்குத்தான் தவறு, ஆனால் மென்பொருள் தரும் வாய்ப்பு வெகுவாக மாறிவிடும். கூடுதலாக அளந்தால் எதிர்ப்பக்கம் போகும்: தேவையே இல்லாமல் ஒரு குடும்பம் வாரக்கணக்கில் தூங்காமல் கிடக்கும், ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுக்கும் சோதனை வரைக்கும்கூடப் போகும். இரண்டுமே பெரிய பாரம். அதனால்தான் இந்த அரை மில்லிமீட்டரைச் சும்மா விட முடியாது.

தவறு என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் இரண்டு ரகம் உண்டு. துணி அளக்கும் டேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கை நடுங்குகிறது. சில தடவை கூடும், சில தடவை குறையும். இது சிதறல். இன்னொருவர் கை உறுதியானது. ஆனால் அவர் டேப்பின் முனை அரை சென்டிமீட்டர் தேய்ந்து போயிருக்கிறது. எதை அளந்தாலும் ஒரே பக்கமாகத் தவறும். இது சாய்வு. சிதறல் ஒரே கருவை இரண்டு மூன்று முறை அளக்கும்போதே வெளியே தெரிந்துவிடும். சாய்வு அப்படித் தெரியாது. நூறு முறை அளந்தாலும் எண்கள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும். அளப்பவருக்குத் தன்மேல் நம்பிக்கைதான் கூடும். தரக்கட்டுப்பாட்டின் பெரும்பாதி இந்தச் சாய்வைத் தேடும் வேலைதான்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இதற்கு ஒரு நேர்வழி இருக்கிறது. அளவு முன்கூட்டியே தெரிந்த மாதிரி ஒன்றைத் தினமும் எந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். தெரிந்த அளவு வந்தால் எந்திரம் சரி. ஸ்கேன் அறையில் அந்த வசதி இல்லை. எந்திரத்தைச் சோதிக்க, துல்லியமான இடைவெளியில் இழைகள் பதித்த ஃபாண்டம் என்ற செயற்கைப் பாளம் உண்டு. அது எந்திரத்தின் காலிப்பரை, அதாவது திரையில் இரு முனைகளிலும் வைத்து அளக்கும் குறியை, மட்டும் சோதிக்கும், கையைச் சோதிக்காது. வயிற்றுக்குள் இருக்கும் கருவின் ‘உண்மையான’ என்.டி.யோ யாருக்கும் தெரியாது. விடைத்தாளைத் திருத்த விடையே இல்லாத நிலைமை இது. அப்படியிருந்தும் திருத்துகிறார்கள். அதற்கு இரண்டு வழிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முதல் வழி, படத்தைப் பார்ப்பது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி அளந்தார்கள். விளைவுகளும் தலைகீழாக வேறுபட்டன. பிறகு லண்டனிலிருக்கும் ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன் அளக்கும் முறையை ஒரே மாதிரியாக வரையறுத்தது. இன்று பல நாடுகளில் அந்த விதிகளைத்தான் ஒட்டி நடக்கிறார்கள்.

கருவை நேர் பக்கவாட்டில், உடம்பின் சரி நடுக்கோட்டில் வெட்டியது போன்ற படம் வேண்டும். நடுக்கோடுதானா என்று எப்படித் தெரியும்? முகத்தைப் பார்த்துத்தான். மூக்கு நுனி பளிச்சென்று தெரிய வேண்டும், அண்ணம் செவ்வகமாகத் தெரிய வேண்டும், தலைக்கு நடுவே டையென்செஃபலான் என்ற மூளைப் பகுதி இருண்டு தெரிய வேண்டும். கன்ன எலும்பு எட்டிப் பார்த்தால் படம் ஓரமாகப் போய்விட்டது என்று அர்த்தம். அடுத்து, திரை முழுவதையும் தலையும் மேல்மார்பும் மட்டும் நிறைக்கும்படி பெரிதாக்க வேண்டும். காலிப்பரைக் கொஞ்சம் அசைத்தால் எண் 0.1 மி.மீ. மட்டும் மாற வேண்டும். சின்னப் படத்தில் அளந்தால் ஒரே அசைவுக்கு எண் தாவும்.

கழுத்து எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். கரு அண்ணாந்து பார்த்தால் அளவு 0.6 மி.மீ. வரை கூடலாம். முகவாயை நெஞ்சில் புதைத்துக் கிடந்தால் 0.4 மி.மீ. வரை குறையலாம். மேலே கணக்குப் போட்ட அதே 0.4 தான். அப்புறம் பனிக்குடச் சவ்வு. இந்த வாரங்களில் அதுவும் தோலைப் போலவே மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். கரு அதன்மேல் சாய்ந்து கிடந்தால் தோல் எது, சவ்வு எது என்று குழம்பும். கரு ஒரு தடவை துள்ளி விலகும் வரை காத்திருப்பதுதான் வழி.

காலிப்பரை வைக்கும் இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாய்வு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் உடம்புக்குள் சுமார் 0.3 மி.மீ. ஆகவே படத்தில் தெரியும் எந்த வெள்ளைக் கோட்டுக்கும் சொந்தமாக ஒரு தடிமன் உண்டு. அந்தக் கோட்டின் வெளி விளிம்பில் வைத்தால் ஓர் எண், நடுவில் வைத்தால் ஓர் எண், உள் விளிம்பில் வைத்தால் வேறோர் எண். விதி என்னவென்றால், காலிப்பரின் குறுக்குக் கோடு வெள்ளைக் கோட்டின் உள் விளிம்பிலேயே பொருந்தி, அதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாதபடி மறைந்துவிட வேண்டும். கறுப்பு நீருக்குள் மிதக்கக் கூடாது. எந்திரத்தில் கெயினை, அதாவது படத்தின் பிரகாசத்தை, கூட்டி வைத்தால் வெள்ளைக் கோடுகள் பஞ்சு போல உப்பி, கறுப்புப் பட்டையை இருபக்கமும் தின்றுவிடும். அந்தப் பஞ்சின் ஓரத்தில் காலிப்பர் வைத்தால் அளவு குறையும். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கருவுக்கும், அதே அளவு குறையும். தேய்ந்த டேப் இதுதான்.

பட்டை எங்கே அதிகமாக அகன்றிருக்கிறதோ அங்கே அளக்க வேண்டும். ஒரு தடவைக்கு மேல் அளந்து, விதிகள் எல்லாம் பொருந்திய அளவுகளில் பெரியதை எழுத வேண்டும். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தால் கொடிக்கு மேலும் கீழும் அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

ஒருவர் சேமித்து வைத்த படங்களிலிருந்து சிலவற்றை எடுத்து, அனுபவம் உள்ள இன்னொருவர் இந்த விதிகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவதே படத் தணிக்கை. பயனுள்ளதுதான், ஆனால் ஒரு குறை உண்டு. தணிக்கைக்கு அனுப்புபவர் தன்னுடைய சிறந்த படங்களையே பொறுக்கி அனுப்ப முடியும். அவசரமான நாளின் பன்னிரண்டாவது ஸ்கேன் எப்படி இருந்தது என்பது அதில் தெரியாது.

இங்கே இரண்டாவது வழி வருகிறது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஒரு கருவின் உண்மையான அளவு நமக்குத் தெரியாது. ஆனால் ஒரு பெரும் கூட்டத்தின் அளவுகள் எப்படிப் பரவியிருக்கும் என்பது தெரியும். இடைநிலை என்ற சொல்லின் பொருள்படியே, பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே. மேல் எல்லைக்கு அப்பால் நூறில் ஐந்து. ஒருவர் அளந்த நூறு கருக்களில் 20 மட்டுமே இடைநிலைக்கு மேல் இருந்தால்? அவரிடம் வந்த கருக்கள் எல்லாம் மெல்லிய பிடரி கொண்டவையாக இருக்க வாய்ப்பில்லை. அவர் குறைத்து அளக்கிறார். எந்த ஒரு படத்தையும் திறந்து பார்க்காமலே இதைச் சொல்லிவிட முடிகிறது.

எத்தனை அளவுகள் வேண்டும் என்பதில் கவனம் தேவை. காசைப் பத்து முறை சுண்டினால் ஏழோ அதற்கு மேலோ தலை விழுவது ஆறில் ஒரு தடவை தற்செயலாகவே நடக்கும். ஆகவே பத்து அளவுகளில் ஏழு இடைநிலைக்குக் கீழே இருந்தால் யாரையும் குறை சொல்லக் கூடாது. அதே விகிதத்தில் நூற்றுக்கு எழுபது என்றால், பத்தாயிரத்தில் ஒரு தடவைகூடத் தற்செயலாக வராது. சில ஸ்கேன்கள் மட்டும் செய்பவரைக் கணக்கு வைத்து எடைபோடுவது கடினம் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

வட அமெரிக்க ஆய்வகங்கள் மூன்று எண்களைப் பார்க்கின்றன. ஒருவருடைய எம்.ஓ.எம்.களின் இடைநிலை 1-க்கு அருகில், 0.9-க்கும் 1.1-க்கும் இடையில் இருக்க வேண்டும்; இது சாய்வைப் பிடிக்கும். எம்.ஓ.எம்.களை மடக்கையாக (லாக்) மாற்றி எடுத்த திட்டவிலக்கம், அதாவது எண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு, 0.08-இலிருந்து 0.13 வரை இருக்கலாம். இது சிதறலைப் பிடிக்கும். மூன்றாவது, வாரத்துக்கு வாரம் என்.டி. 15-இலிருந்து 35 சதவீதம் வரை கூட வேண்டும். 11 வாரத்துக் கருவுக்கும் 13 வாரத்துக் கருவுக்கும் ஒருவர் ஒரே எண்ணைத் தருகிறார் என்றால், அவர் அளக்கிறாரா, பழக்கத்தில் எழுதுகிறாரா என்ற சந்தேகம் வரத்தானே செய்யும்? சிதறல் மிகக் குறைவாக இருப்பதும் நல்ல அறிகுறி அல்ல. உயிருள்ள கருக்கள் ஒன்றுபோல் இருக்காது. 1.0, 1.5, 2.0 என்று முழுசாக முடியும் எண்கள் குவிந்து கிடந்தாலும், யாரோ மதிப்பிட்டு எழுதுகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

இங்கிலாந்தில் டிகாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு சேவை, ஸ்கேன் செய்பவர்களின் அளவுகளைத் திரட்டி, எதிர்பார்த்த வளைகோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார்கள் என்று பார்த்து பச்சை, ஆம்பர், சிவப்பு என்று கொடி காட்டுகிறது. சிவப்பு வந்தால் படங்களை எடுத்துப் பார்த்து, காரணத்தைத் தேடுவார்கள்.

ஆறு மாதமோ ஒரு வருடமோ காத்திருக்காமல் உடனுக்குடன் பிடிக்கவும் ஒரு வரைபடம் உண்டு. பெயர் கியூசம். தொழிற்சாலைப் பொருட்களின் தரத்தைக் கண்காணிக்க ஈ. எஸ். பேஜ் என்ற புள்ளியியலாளர் 1954-இல் தந்த முறை அது. ஒவ்வோர் அளவும் எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்பதைக் கூட்டிக்கொண்டே போவார்கள். சரியாக அளப்பவருக்குக் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கோடு பூஜ்ஜியத்தைச் சுற்றியே அலையும். சாய்வு இருந்தால் கோடு ஒரே பக்கமாக இறங்கும், அல்லது ஏறும். ஒவ்வொரு படியும் பொடியாக இருந்தாலும் பாதை முழுவதையும் பார்த்தால் சரிவு கண்ணில் படும். முன்பே குறித்த எல்லையைத் தாண்டியதும், சரி, கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம் என்று அர்த்தம்.

என்.டி.யைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினோம். பக்கத்திலேயே இருக்கும் சி.ஆர்.எல். அளவை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை, அதிலும் வினை இருக்கிறது. சி.ஆர்.எல். வைத்துத்தான் கருவின் வயதைக் கணக்கிடுகிறோம். அந்த வயதை வைத்துத்தான் ரத்த அளவுகளும் எடைபோடப்படுகின்றன. கருவைக் கொஞ்சம் சுருட்டிய நிலையில் அளந்து நீளத்தைக் குறைத்துவிட்டால், கரு உண்மையை விட இளையதாகக் கணக்காகிவிடும். டபுள் மார்க்கரின் இரண்டு அளவுகளில் ஒன்றான பேப்-ஏ என்ற புரதம் இந்த வாரங்களில் நாளுக்கு நாள் ஏறுவது. டவுன் சிண்ட்ரோமில் குறைந்திருப்பது. இளைய கருவுக்கு இவ்வளவே அதிகம் என்று மென்பொருள் நினைத்துக்கொண்டு, வாய்ப்பைக் குறைத்துச் சொல்லும். இன்னொன்றான பீட்டா எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் நாளுக்கு நாள் இறங்குவது. டவுன் சிண்ட்ரோமில் கூடியிருப்பது. அதிலும் தவறு அதே பக்கம்தான் போகும். என்.டி.யில் மட்டும் எதிர்ப்பக்கம், இளைய கருவுக்கு இந்தத் தடிமன் அதிகம் என்று வாய்ப்பைக் கூட்டும். ஆய்வகம் எவ்வளவு துல்லியமாக ரத்தத்தைச் சோதித்திருந்தாலும், ஸ்கேன் அறையில் நடந்த ஒரு நீளத் தவறு அந்த உழைப்பையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

கை மட்டுமல்ல, மனமும் அளவைச் சாய்க்கும். எதிர்பார்க்கும் எண் திரையில் தெரிந்தால், அதை நெருங்கும் அளவை நாம் அறியாமலே தேர்ந்தெடுப்போம். கருவின் வளர்ச்சித் தரநிலைகளை உருவாக்க 8 நாடுகளில் நடந்த இன்டர்குரோத்-21 ஆய்வில் இதற்காகவே, அளப்பவரின் கண்ணில் எண் படாதபடி திரையில் மறைத்துவைத்தார்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்த பிறகே எண்கள் தெரிந்தன. தலைச்சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் போன்ற பிந்தைய மாத அளவுகளிலும் இதே சிக்கல்தான்.

சிவப்புக் கொடி விழுந்தவரை என்ன செய்வது? அவருடைய அளவுகளை ஒரு திருத்த எண்ணால் பெருக்கிச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறைத்து அளப்பது கெயின் கூடியதாலா, நடுக்கோடு தவறியதாலா, அவசரத்தாலா என்பது தெரியாமலே போய்விடும். தண்டனையாக நினைப்பதும் தவறு. பயந்தவர் கையை மாற்ற மாட்டார், எண்ணை மாற்றுவார். இடைநிலை எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் எல்லா எண்ணையும் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட முடியும். கணக்கு அழகாக இருக்கும், கருக்கள் தப்பாக அளக்கப்பட்டிருக்கும். படத் தணிக்கையும் கூட்டத்தின் கணக்கும் இரண்டுமே வேண்டும் என்பது இதனால்தான். கூட அமர்ந்து பத்துப் படங்களைப் பார்த்து, காலிப்பர் எங்கே மிதக்கிறது என்று காட்டித் தந்தாலே பலருடைய அளவும் நேராகிவிடும்.

விளிம்புகளைத் தானே கண்டுபிடித்து அளக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. காலிப்பர் வைப்பதில் ஆளுக்கு ஆள் வரும் வேறுபாட்டை அவை குறைக்கும். ஆனால் படம் நடுக்கோட்டில் இருக்கிறதா, கழுத்து எப்படி வளைந்திருக்கிறது என்பதை இன்னும் மனிதர்தான் பார்த்து ஏற்க வேண்டும்.

ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அளப்பவர் என்.டி.க்கென்று பயிற்சி பெற்றவரா, அவருடைய அளவுகளை யாராவது தணிக்கை செய்கிறார்களா என்று தயங்காமல் கேட்கலாம். ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன் தரும் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தணிக்கை உண்டு. அறிக்கையில் சி.ஆர்.எல். எவ்வளவு என்பதும், என்.டி. புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கத்தோடும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘குழந்தை சரியான வாக்கில் இல்லை, கொஞ்சம் நடந்துவிட்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பினால் சலித்துக்கொள்ள வேண்டாம். கழுத்து வளைந்திருக்கும்போதே ஏதோ ஓர் எண்ணை எழுதி அனுப்பாமல், அந்த 0.4 மி.மீ.க்காக உங்களுக்கு இன்னொரு அரை மணி நேரம் ஒதுக்குகிறார் அவர்.